புதுவையில் ஆடிய ஒரு நாடகமும் அதன் மூதாதையரும்

புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தை நகர மக்கள் இன்றும் சம்பா கோயில் என்றே வழங்குகின்றனர். தூய பவுலின் பெயர் பிரெஞ்சு நாவிலிருந்து தமிழ் நாவுக்கு வந்து தேய்ந்து சம்பா ஆயிற்று என்பர். இன்றுள்ள கட்டடம் 1791இல் முற்றுப்பெற்றது. அதற்கு முன் இயேசு சபைக் குருமார் இப்பகுதியில் எழுப்பியிருந்த தூய பவுல் ஆலயம், 1761இல் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றி நகரைத் தரைமட்டமாக்கியபோது அழிந்தது. நாம் இங்கு ஆராய விரும்புவது கட்டடங்களின் வரலாறன்று. அக்குருமார் 18ஆம் நூற்றாண்டின் வாயிலில், இந்நகரில் அரங்கேற்றிய ஒரு நாடகத்தைப் பற்றியே எழுதப் புகுகிறோம்.

நாடகத்தின் பொருள் தூய ஜார்ஜின் சரிதம். அப்புனிதர் புறச்சமயத் தெய்வங்களின் உருவங்களை வீழ்த்தி நொறுக்குவது அதன் உச்சக்காட்சி. புதுவை மேடையில் நொறுங்கி விழுந்தவை பிரமன், திருமால், உருத்திரன் ஆகியோரின் உருவங்கள். பார்த்தவர்களுள் கிறிஸ்தவர் மட்டுமல்லர், ஊராரும் இருந்தனர். செய்தி தஞ்சைக்குச் சென்றது. 1701இல் தஞ்சை மராட்டிய அரசில் கிறிஸ்தவர்மேல் பெருந்துன்பம் மூண்டது. ஆலயங்கள் இடிபட்டன, பலர் சிறைப்பட்டனர், பலர் விசுவாசத்தை மறுதலித்தனர். அந்நெருப்புக்குப் பொறியாய் அமைந்தது புதுவை நாடகமே என்று அன்றே கூறப்பட்டது.

இக்குற்றச்சாட்டை நமக்கு வழங்கிச் சென்றோர் பெரும்பாலும் இயேசு சபையாரோடு பகை கொண்டோர் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. புதுவையில் கப்புச்சின் துறவியருக்கும் இயேசு சபையாருக்கும் ஓயாத பூசல் இருந்தது. அக்காலத்தில் சென்னையிலும் புதுவையிலும் வாழ்ந்த வெனிஸ் நகரத்து நிக்கோலோ மனுச்சி கப்புச்சினாரின் நண்பர். இயேசு சபையாரைச் சாடுவதில் கை சலியாதவர். எனவே துன்பத்திற்கு ஒரே காரணம் நாடகம் என்பதை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. தஞ்சை அரசவையில் கிறிஸ்தவரைப் பற்றிய ஐயம் முன்னரே இருந்தது. ஆயினும் அப்படியொரு நாடகம் ஆடப்பட்டதென்பதும், அது அயலாரின் நெஞ்சைச் சுட்டதென்பதும் நம்பத்தக்கவையே. ஏனெனில் அதே ஆண்டுகளில் கோயில் விழாக்களைத் தடுக்கும்படி இக்குருமார் பிரெஞ்சு ஆளுநரை நெருக்கினர்; நெசவாளரும் வணிகரும் ஊரைவிட்டே வெளியேறுவோம் எனக் கிளம்பியபோது கம்பெனியார் நடுங்கிப் பின்வாங்கினர். நாடகம் அந்த மனப்போக்கோடு ஒத்துப்போகிறது.

இங்கு நாம் ஒரு வியப்பைக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. அந்நாளில் தஞ்சையை ஆண்ட ஷாஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1684 - 1712) தாமே நாடக ஆசிரியர். தெலுங்கில் 'பல்லக்கி சேவா பிரபந்தம்' என்னும் யட்சகானத்தை இயற்றியவர். பல மொழிகள் கலந்த நாடகமும் எழுதியவர். மேடையில் காட்டப்படுவது வெறும் விளையாட்டன்று என்பதை அறிந்திருந்த அரசருக்கே அச்செய்தி எட்டியது.

இனி, இக்குருமார் இக்கலையை எங்குக் கற்றனர் என்னும் வினா எழுகிறது. விடையைத் தேடி நாம் இத்தாலிய மறுமலர்ச்சிக்குச் செல்ல வேண்டும்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியச் சிற்றரசவைகளில் பண்டை ரோம நாடகங்கள் மீண்டும் உயிர்பெற்றன. பிளாட்டஸ், டெரன்ஸ் ஆகியோரின் இன்பியல் நாடகங்களைப் படித்தோர் அவற்றை நடிக்கவும் பின்னர்த் தம் மொழியில் அவைபோல் எழுதவும் தொடங்கினர். 1508இல் பெராரா நகரில் அரியோஸ்தோவின் முதல் நாடகம் அரங்கேறியது. 1513இல் ஊர்பினோவில் 'கலாந்திரியா' என்னும் நகைச்சுவை நாடகம் ஆடப்பட்டது. அதன் ஆசிரியர் பிபியேனா. அதே ஆண்டில் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். ஆள்மாறாட்டமும் காமக்களியாட்டமும் நிறைந்த அந்நாடகம் அடுத்த ஆண்டு உரோமையில் பத்தாம் லியோ பாப்பரசர் முன்னிலையில் ஆடப்பட்டது. அதே பாப்பரசருக்காக 1519ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அரியோஸ்தோவின் 'சுப்போசித்தி' நாடகம் நடிக்கப்பட்டபோது மேடைத் திரைகளை வரைந்தவர் ஓவியர் ரபேல். லுத்தரின் 95 வாக்குகள் வெளிவந்து ஒன்றரை ஆண்டுகள்கூட நிறையாத நேரம் அது. சீர்திருத்த வரலாற்றைக் கற்பிக்கும் நாம் வாக்குகளை வரிவரியாகப் பாடம் சொல்கிறோம். பாப்பரசர் அப்போது எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்வதில்லை.

அரசவைக்கு வெளியே வேறொரு நாடகம் வளர்ந்தது. 1545ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் பதுவா நகரில் எட்டு நடிகர் ஒன்றுகூடி, சேர்ந்து ஆடி வருவாயைப் பகிர்ந்துகொள்வதென ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். தொழில்முறை நாடகக்குழுவின் பிறப்புச் சான்றாக அறிஞர் இதனைக் கருதுவர். எழுதிய உரையாடலின்றி, கதையின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வப்போது பேசி நடிப்பது அவர்கள் முறை. முகமூடி அணிந்த கருமிக் கிழவனும் கோமாளி வேலைக்காரனும் எக்கதையிலும் வருவர். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் எக்கதையாயினும் வந்து அரசனையும் அவையோரையும் ஒருசேரக் கிண்டல் செய்வதை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பெண்களும் இக்குழுக்களில் நடித்தனர். 1604இல் மறைந்த இசபெல்லா அந்திரெயினி என்னும் நடிகை கவிஞராகவும் புகழ்பெற்றவர்.

கூரையிட்ட நிலையான அரங்குகளும் எழுந்தன. விச்சென்சா நகரில் பல்லாடியோ வரைந்த ஒலிம்பிக்கோ அரங்கம் அவர் இறந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1585ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் சோபோக்ளிசின் ஈடிப்பசு நாடகத்தோடு திறக்கப்பட்டது. மேடைக்குப் பின்னால் ஸ்கமோட்சி மரத்தால் அமைத்த தெருக்கள் உண்மையில் குறைந்த ஆழமே உடையன. பார்ப்போர்க்கு நெடுந்தொலைவு செல்வனபோல் தோன்றும். அவை இன்றும் நிற்கின்றன.

இக்கலை முழுவதையும் கண்டு, அஞ்சாமலும் விலக்காமலும் எடுத்துத் தன் கல்விக்கூடங்களில் வைத்தது இயேசு சபை. சிசிலித் தீவின் மெசினாவில் 1548இல் தம் கல்லூரியைத் தொடங்கிய அவர்கள் மூன்றாண்டுகளுக்குள் அங்கு நாடகம் ஆடலாயினர். இலத்தீன் நாவில் பதியவும், கூச்சம் நீங்கவும், நல்லொழுக்கம் உள்ளத்தில் இறங்கவும் மாணவர் நடிக்க வேண்டுமென்பது அவர்கள் கொள்கை. 1599இல் வெளியிட்ட கல்வி விதித்தொகுப்பில் நாடகத்திற்கும் விதி வகுத்தனர்: மொழி இலத்தீனாதல் வேண்டும், அரிதாகவே நடித்தல் வேண்டும், பொருள் பக்தியுடையதாதல் வேண்டும், பெண் வேடம் கூடாது. விதிகள் காகிதத்தில் இருந்தன. மேடையிலோ இசையும் நடனமும் இடிமுழக்கமும் வானிலிருந்து இறங்கும் வானதூதரும் பெருகினர். பாரிசில் அவர்தம் லூயி-ல-கிராந்து கல்லூரியின் ஆண்டு நாடகம் நகரின் திருவிழாக்களில் ஒன்றாயிற்று. கோர்னேய், மோலியேர், ஸ்பானிய நாட்டுக் கால்தெரோன் ஆகிய மூவரும் இயேசு சபைப் பள்ளிகளின் மாணவர் என்றால் அப்பயிற்சியின் வலிமை விளங்கும்.

இந்த நாடகங்களில் இரத்தசாட்சிகளின் கதைக்குத் தனியிடம் இருந்தது. ஒரு கொடுங்கோல் மன்னன், ஒரு விக்கிரகம், பணிய மறுக்கும் ஒரு கிறிஸ்தவன், இறுதியில் விக்கிரகத்தின் வீழ்ச்சி என்பது பழகிய வாய்பாடு. உரோமையிலோ பாரிசிலோ மேடைமேல் அப்பல்லோவின் சிலை உடைந்தால் யாருக்கும் நோவதில்லை. அப்பல்லோவை வணங்குவோர் அவ்வூர்களில் ஒருவரும் இல்லை. அது செத்த சமயம். அதே வாய்பாட்டைப் புதுவைக்குக் கொணர்ந்தபோது சிலையின் பெயர் மட்டும் மாறியது. ஆனால் அந்தத் தெய்வத்திற்கு அடுத்த தெருவில் அன்று மாலையும் விளக்கேற்றினர். பாரிசில் பள்ளிப்பாடமாய் இருந்தது புதுவையில் அயலானை அறைவதாயிற்று. குருமார் தீய நோக்கத்தோடு செய்தனர் என்று நாம் எண்ணவில்லை. கற்ற பாடத்தை இடமறியாது ஒப்பித்தனர் என்பதே நம் கருத்து.

கத்தோலிக்கரின் தவறாகவே இதனைத் தள்ளிவிட நாம் விரையலாகாது. சீர்திருத்தத் திருச்சபையின் மேடை இதனினும் கூரியதாய் இருந்த காலம் உண்டு.

இங்கிலாந்தில் கார்மேல் துறவியாயிருந்து பின்னர்ச் சீர்திருத்தக் கொள்கையைத் தழுவிய ஜான் பேல் (1495 - 1563) பாப்பரசரையும் துறவியரையும் மேடையில் ஏற்றி ஏளனம் செய்வதில் வல்லவர். 'கிங் ஜோகன்' என்னும் அவர் நாடகத்தில் கத்தோலிக்கத் தலைவரெல்லாம் தீமையின் உருவங்களாய் வருவர். அயர்லாந்தில் ஒசரி மறைமாவட்டத்தின் பேராயராக அவர் அமர்ந்த சில மாதங்களில் கத்தோலிக்கரான மேரி அரசுகட்டில் ஏறினார். 1553ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் கில்கென்னியில் மேரி அரசியெனப் பறைசாற்றப்பட்ட அன்றே, சந்தைச் சிலுவையடியில் தம் நாடகங்களை இளைஞரைக் கொண்டு நடிக்கச் செய்தார் பேல். சுற்றிலும் இருந்தோர் கத்தோலிக்க மக்கள். சில வாரங்களுக்குள் அவருடைய பணியாட்கள் கொலையுண்டனர். அவர் கடல்கடந்து தப்பினார். கொலைக்கு நாடகம் மட்டுமே காரணமன்று. எனினும் கில்கென்னியையும் புதுவையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

இங்கிலாந்தின் அரசு இப்பாடத்தைக் கற்றுக்கொண்டது. எலிசபெத்து அரசி பட்டமேறிய மறு ஆண்டே, 1559இல், சமயத்தையும் ஆட்சியையும் பற்றிய பொருள்களை நாடகமாக்கலாகாது என ஆணை பிறந்தது. கிறிஸ்துவின் பாடுகளைத் தெருத்தெருவாய் வண்டிமேடைகளில் நடித்துவந்த பழைய மறைநாடகங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. யார்க்கு நகரில் 1569இலும் செஸ்டரில் 1575இலும் இறுதியாக ஆடினர். அடுத்த ஆண்டிலேயே, 1576இல், தச்சராயிருந்து நடிகரான ஜேம்ஸ் பர்பேஜ், இலண்டன் மாநகர ஆட்சிக்கு எட்டாத ஷோர்டிச்சில் நிலையான நாடகக் கொட்டகை ஒன்றைக் கட்டினார். 1598ஆம் ஆண்டு இறுதியில் அதன் மரங்களையே பிரித்துத் தேம்ஸ் ஆற்றைக் கடத்திச் சென்று குளோப் அரங்கை எழுப்பினர். ஒரு பென்னி கொடுத்தவர் நின்று பார்த்தார். சமயம் மேடையிலிருந்து வெளியேற்றப்பட்ட இடத்தில்தான் ஷேக்ஸ்பியர் எழுதினார்.

கதைகளோ இத்தாலியிலிருந்து வந்துகொண்டே இருந்தன. ரபேல் திரை வரைந்த 'சுப்போசித்தி'யை 1566இல் ஜார்ஜ் காஸ்காயின் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதிலிருந்து ஷேக்ஸ்பியர் 'அடங்காப்பிடாரி' நாடகத்தின் கிளைக்கதையை எடுத்தார். ஒதெல்லோ, வெனிஸ் வணிகன் ஆகியவற்றின் கருவும் இத்தாலியக் கதைகளே. வெனிஸ் வணிகனில் வரும் யூதனைப் பற்றி ஒரு சொல். யூதர் 1290இலேயே இங்கிலாந்திலிருந்து துரத்தப்பட்டிருந்தனர். 1656 வரை அவர்கள் வெளிப்படையாய் அங்கு வாழ இயலவில்லை. அயலானாய் இல்லாதவனை மேடையேற்றுவது எளிது. அவ்வெளிமையை மீறி, அடிபட்டவன் வாயில் மனிதப் பேச்சை வைத்தார் ஷேக்ஸ்பியர் என்பதாலேயே அந்நாடகம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

பியூரிட்டன் சமயத்தாரின் எதிர்ப்பு நாம் நன்கறிந்ததே. அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜான் ரெய்னால்ட்ஸ் 1599இல் நாடகத்தை வேரோடு சாய்க்கும் நூலொன்றை வெளியிட்டார். ஆண்கள் பெண்ணுடை உடுப்பதை உபாகமம் 22:5 தடுக்கிறதென்பது அவர் வாதத்தின் தலையாய கூறு. அவரே தம் பதினேழாம் அகவையில், 1566இல், எலிசபெத்து அரசி ஆக்ஸ்போர்டுக்கு வந்தபோது பெண்வேடம் புனைந்து ஹிப்பொலிட்டா அரசியாக நடித்தவர். நூல் எழுதும்போது அதனை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 1604இல் ஹாம்ப்டன் கோர்ட்டு மாநாட்டில் வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்க்க வேண்டுமென மன்னர் ஜேம்சிடம் விண்ணப்பித்தவரும் இவரே. 1642ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் நாடாளுமன்றம் கொட்டகைகளை மூடியது. 18 ஆண்டுகள் அவை மூடிக்கிடந்தன. லுத்தரோ யூதித்து, தோபித்து ஆகிய நூல்களை நல்ல நாடகங்களாகக் கண்டு போற்றியவர். நம் முன்னோருள்ளேயே இரு வழிகள் இருந்தன என்பதை மாணவர் மனத்தில் கொள்க.

மீண்டும் கீழ்த்திசைக்கு வருவோம். புதுவைக் குருமாரின் செயல்களை விசாரிக்கப் பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1703ஆம் ஆண்டு நவம்பரில் இந்நகருக்கு வந்தார். அவர் டியூரின் நகரத்து இத்தாலியர். எட்டுத் திங்கள் இங்குத் தங்கி, 1704ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாளிட்ட ஆணையை வெளியிட்டார். மலபார்ச் சடங்குகள் பற்றிய அவ்வாணையை நாம் சாதி வேற்றுமையோடும் தாலியோடும் மட்டுமே இணைத்துப் படிக்கிறோம். கிறிஸ்தவ மேளக்காரரும் குழல் ஊதுவோரும் கோயில் விழாக்களில் வாசிக்கலாகாது என்னும் விதியும் அதில் உண்டு. மேடையில் தெய்வத்தை உடைத்துக் காட்டியோரின் சபைமக்களே, கூலிக்காக அத்தெய்வத்தின் முன் வாசித்தும் வந்தனர்! சபையின் மெய்யான வாழ்வு எப்போதும் இப்படித்தான் இரு பக்கமும் வழிந்தோடுகிறது.

1748ஆம் ஆண்டு செப்டம்பரில் நாடகம் நடப்பாயிற்று. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், தூய பவுல் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கத் துய்ப்ளே ஆளுநர் இசைந்தார். இயேசு சபைக் குரு ஒருவர் இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் நெஞ்சு குமுற எழுதிவைத்தார். தூய ஜார்ஜின் காட்சியைப் பார்த்த முதியோர் சிலரேனும் அன்று உயிரோடிருந்திருக்கக்கூடும்.

ஆயின் தமிழ்க் கிறிஸ்தவ மேடை இதோடு முடியவில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மீனவரும் உழவரும் தம் நாட்டுக்கூத்தின் தாளத்தில் மூவிராசாக்கள் கதையையும் எண்டிறிக் எம்பரதோர் கதையையும் விடியவிடிய ஆடினர். மலையாளக் கடற்கரையின் சவிட்டு நாடகத்தில் சார்லமேன் பேரரசன் 'காறல்மான்' என்னும் பெயரோடு பலகையதிர மிதித்து ஆடுகிறான். அந்நாடகத்தைச் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் இயற்றினார் என்பது மரபு. நம் திருச்சபையிலோ தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். குறத்தியின் வாயில் விசுவாசத்தையும் கோப்பர்நிக்கஸின் வானநூலையும் சேர்த்து வைத்த துணிவு அவருடையது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு சபையில் வாலிபர் எலியாவும் கர்மேல் மலையும் என்னும் நாடகத்தை ஆயத்தம் செய்தனர். ஒத்திகையைக் காணச் சென்றோம். பாகாலின் தீர்க்கதரிசிகளாய் நின்ற எட்டுப் பையன்களின் நெற்றியிலும் திருநீற்றுப் பட்டை. பலிபீடத்தருகில் களிமண்ணால் ஒரு நந்தி. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. "ஐயரே, பாகாலின் ஆசாரியன் வேறெப்படி இருப்பான்?" என்று அவர்கள் கேட்டபோது உடனே விடை சொல்ல நமக்கும் வரவில்லை. ஆலய மதிலுக்கு அப்பால் ஒலிபெருக்கிக்காரரும் பந்தல்காரரும் தம் பிள்ளைகளோடு நாடகம் பார்க்க இடம் பிடித்துக்கொண்டிருந்தனர். பந்தல்காரர் நெற்றியிலும் அதே திருநீறு. தூய ஜார்ஜின் கதையை வாலிபருக்கு அன்றிரவு சொன்னோம். நெற்றியைத் துடைக்கச் சிலர் முணுமுணுத்தனர். மூத்த அங்கத்தினர் ஒருவர், போதகர் அஞ்சுகிறார் என்றும் கூறினார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நந்தி அகற்றப்பட்டது. நாடகம் நடந்தது.

புதுவைக் கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் கல்லறை இருக்கிறது. 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இந்நகரில் மறைந்தவர். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபையை அமைத்தார். எலிசபெத்து காலத்து இலண்டனில் தூய பவுல் பேராலயத்தின் பாடகச் சிறுவர் நாடகக்குழுவாய் விளங்கியதை இது நினைவூட்டும். அவர் ஒருவரையொருவர் அறியாமலே இரு நாடுகளும் ஒரே வழியைக் கண்டன. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. முருகன் அடியாரான அவர் இயற்றிய நாடகங்களுள் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் ஊரறிந்தவை. ஞானசௌந்தரியும் அவற்றுள் ஒன்று. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்ட ஒரு கிறிஸ்தவப் பெண் காட்டில் அலைந்து, மரியன்னையை வேண்டித் தன் கைகளைத் திரும்பப் பெறும் கதை அது. கத்தோலிக்கக் குடும்பங்களில் வாய்வழி வழங்கிய அக்கதையை ஒரு சைவர் எழுத, இந்துச் சிறுவர் நடிக்க, ஊர்தோறும் எல்லாச் சமயத்தாரும் கண்டு கண்ணீர் விட்டனர். சுவாமிகளின் நினைவு நாளில் நாடகக் கலைஞர் இன்றும் கருவடிக்குப்பத்தில் கூடுகின்றனர்.